பூட்டிக் கிடந்த பங்களாக்களை யார் பார்த்துக்கொண்டார்கள்?

ஊட்டியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகப்போகிறது. ஆரம்பத்தில் சும்மா ஒரு ஆர்வம்தான். சனி ஞாயிறுகளில் பழைய கெஜட்டியர்களின் ஸ்கேன் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மலை ரயில் பற்றியும் குன்னூர் மலைப்பாதை பற்றியும் நான் எழுதியது, இங்கே தொடர்ந்து வருபவர்களுக்கு நினைவிருக்கலாம். இவ்வளவு படித்தும் ஒரு கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. 2019 ஆகஸ்டில் எங்கள் வீட்டுக் கூடத்தின் பலகை சீலிங் பாதி இடிந்து விழுந்த பிறகுதான் தோன்றியது.

கேள்வி இதுதான். வெள்ளைக்காரர்கள் கோடைக்கு மலையேறினார்கள், வாடகைக்கு வீடு பிடித்தார்கள், விருந்து வைத்தார்கள், நரி வேட்டை ஆடினார்கள். எல்லாம் விலாவாரியாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் இறங்கிப் போன பிறகு, மழையிலும் பனியிலும் மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த அந்த வீடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லவ்டேல் போகும் வழியில் ஒரு சரிவில் இருக்கிறது. என் மாமா இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் ஒரு பழைய பங்களா கூறுபோட்டு விற்கப்பட்டபோது அதில் ஒரு பாதியை வாங்கினார். கையிலிருக்கும் மூலப் பத்திரம் 1931-ஆம் வருஷத்தது, வீடு அதற்கும் முந்தையது. மாமா தவறிய பிறகு அத்தைக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கோயம்புத்தூருக்கே வந்துவிட்டார். 2015-லிருந்து சுற்றுலா வருபவர்களுக்கு அதை வாடகைக்கு விடுகிறோம். ஆன்லைன் புக்கிங், கணக்கு வழக்கு எல்லாம் என் பொறுப்பு. வருகிற பணம் அத்தையின் மருத்துவச் செலவுக்கு. அதனால் இது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு அண்ணன் இருக்கிறார். மாமா காலத்திலிருந்தே இருப்பவர். 2019-ல் அவருக்கு அறுபத்து நாலு வயது. அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இனி வரலாறு.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் முதன்முதலாக நீலகிரிக்கு ஏறினார். 1822-ல் ஊட்டியில் தனக்கு ஒரு வீடு கட்டத் தொடங்கினார். அதுதான் ஸ்டோன்ஹவுஸ். ஊர்க்காரர்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். இன்றைக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. அடுத்த சில வருஷங்களில் வீடுகள் மளமளவென்று எழும்பின. 1827 முதல் 1832 வரை சென்னை கவர்னராக இருந்த லஷிங்டனுக்கு ஊட்டிமேல் பெரிய பிரியம். நோயில் விழுந்த பட்டாளக்காரர்களும் அதிகாரிகளும் உடம்பு தேற வரும் இடமாக ஊட்டியை ஆக்கினார். இங்கேதான் வாடகை வீடு என்ற தொழில் உள்ளே வருகிறது. லீவில் வரும் கேப்டன் ஊட்டியில் வீடு கட்டமாட்டார், மாசக்கணக்கில் எடுப்பார். ஆகவே கையில் காசிருந்தவர்கள் இரண்டு வீடு, மூன்று வீடு என்று கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

ஊட்டி வீடுகளைப் பற்றிய பெரிய ஆதாரம் சர் ஃப்ரெடரிக் பிரைஸ் எழுதி 1908-ல் வெளிவந்த ஊட்டி வரலாறு. அதே வருஷம்தான் ஃபிரான்சிஸின் நீலகிரி கெஜட்டியரும் வந்தது, மலை ரயில் ஊட்டியைத் தொட்டதும் அதே வருஷம்தான். பிரைஸ் ஒரு வீட்டை எடுத்தால் விடமாட்டார். யார் கட்டியது, யாருக்குக் கைமாறியது, எந்தப் பிரபு எத்தனை நாள் தங்கினார், பெயர் எப்போது மாறியது என்று போய்க்கொண்டே இருக்கும். முதல்முறை படித்தபோது பிரமித்துப் போனேன். 2019-க்குப் பிறகு அதே புத்தகத்தை வேறு கண்ணோடு புரட்டினேன். என் கேள்விக்குப் பதில் அதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. உரிமையாளர் இருக்கிறார், குடியிருந்தவர் இருக்கிறார். ஆளில்லாத மாசங்களில் வீட்டுச் சாவியை வைத்திருந்தவர் இல்லை.

எங்கள் தொழிலில் இது பழகிய விஷயம். சர்வர் விழுந்தால் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதுவோம். விழாமல் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டவர் பெயர் எந்த அறிக்கையிலும் வராது.

நேரடியாக இல்லாவிட்டாலும் மறைமுகமாகச் சில தடயங்கள் கிடைக்கின்றன. வீடுகள் எப்படிக் கெட்டுப்போயின என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். அதை வைத்து, கெடாமல் இருக்க என்ன வேலை நடந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போகலாம்.

மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் இறங்கி, பல்லக்கில் ஊட்டிக்குச் சுமந்து போகப்பட்டார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது அங்கே இருந்தார். பாவம், மெக்காலே போய் மாட்டியது தென்மேற்குப் பருவமழையில். அந்தச் சில மாதங்களின் கடிதங்களில் மழையைப் பற்றிய புலம்பல் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் தலையெழுத்தை மாற்றிய மனிதர் ஊட்டி மழையைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்தால் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ரிச்சர்ட் பர்ட்டன் இன்னும் உதவியானவர். பிற்பாடு மெக்கா பயணத்தால் புகழ்பெற்ற அதே பர்ட்டன். சிந்துப் பகுதியில் ராணுவத்தில் இருந்தவர், உடம்பு சரியில்லாமல் லீவு வாங்கி 1847-ல் ஊட்டிக்கு வந்தார். 1851-ல் வந்த அவருடைய கோவா, நீலகிரிப் பயண நூலில் வாடகை வீடுகளை வாட்டி எடுக்கிறார். செங்கல் மட்டம், ஓடு போட்டும் ஒழுகுகிறது, மலைச்சரிவைப் படி மாதிரி வெட்டி அந்தத் தட்டில் வீட்டை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மனுஷன் எதைப் பார்த்தாலும் கிண்டல் பண்ணுகிற ஆள். ஆனாலும் இந்த மூன்றும் எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகின்றன.

சரிவைச் வெட்டி உட்காரவைத்த வீட்டுக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்து வரும். ஒன்று கூரை வழியாக. அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, மேல்சரிவில் விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, வீட்டின் பின்சுவர் வழியாக உள்ளே வருவது. மழை விட்டு நாலு நாள் கழித்தும் அது வந்துகொண்டிருக்கும். அதனால்தான் பழைய பங்களாக்களில் பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே இரண்டடி, மூன்றடி இடம் விட்டு ஒரு வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். தாங்குசுவரில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அந்த வாய்க்காலில் மண் நிரம்பினாலோ, ஓட்டை அடைபட்டாலோ சுவர் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

சுவருக்கு வருவோம். நீலகிரி முழுக்க சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக் கல்லறைக்கு நம் பல்லாவரத்துப் பக்கத்துக் கல் போனது, அவர் பேர் அந்தப் பாறை இனத்துக்கே வந்தது. அது தனிக் கதை. நமக்கு வேண்டியது, மலையில் சுண்ணாம்புக்கல் கிடையாது என்பது. சுண்ணாம்பு சமவெளியிலிருந்து ஏறி வரவேண்டும். 1870-கள் வரை சரியான ரயில் இணைப்பு இல்லை, மேட்டுப்பாளையத்துக்கு மேலே மாட்டுவண்டியும் ஆள் சுமையும்தான். சுண்ணாம்பு விலை எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சுவரின் உள்ளே செங்கல்லை இணைப்பது வெறும் களிமண். சுண்ணாம்பு வெளிப்பூச்சில் மட்டும்தான். அக்கம்பக்கத்துப் பழைய வீடுகள் இடிபடும்போது போய்ப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் இதே கதை.

இந்தச் சுவர் வேலை செய்யும் விதம் அலாதியானது. தண்ணீர் உள்ளே வரவே கூடாது என்று அது எதிர்த்து நிற்பதில்லை. வரும், வந்தது மறுபடி வெளியே போகும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. ஆடியில் ஈரம் வாங்கிய சுவர் தை, மாசியில் காய்ந்துவிடும். சுண்ணாம்புக்குக் காரத்தன்மை இருப்பதால் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்காது. ஒரே ஒரு நிபந்தனை: வருஷா வருஷம் வெள்ளையடிக்க வேண்டும். மழையில் கரைந்து போகும் அந்த மெல்லிய சுண்ணாம்பு அடுக்கு, சுவருக்குப் பதிலாகத் தன்னை இழந்துகொள்கிறது. சுவரில் சிமென்ட்டைப் பூசினால் இந்த வழி அடைபட்டுவிடும். அதுக்கு மேலே பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தால் கேட்கவே வேண்டாம். பின்சுவர் வழியாக ஏறிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், உள்ளே இருக்கும் களிமண்ணைக் கரைக்கும்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. 2017-ல் தெரியாது. அப்போது ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, பின்பக்கத்து இரண்டு அறையிலும் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமென்ட் பூசி, ‘ஓதம் வராத’ பெயின்ட் என்று ஒன்றை அடித்தேன். ஃபோட்டோவில் பளிச்சென்று இருந்தது. பார்த்துக்கொள்ளும் அண்ணன் அப்போதே சொன்னார்: “தம்பி, இந்தச் சுவரு சிமிட்டியை ஏத்துக்காதுங்க.” அனுபவத்தில் சொல்கிறார், ஆனால் பழைய காலத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மழைக்கே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் உள்ளிருந்து வெள்ளை உப்பு கொட்டியது. “அறையில் பழைய கோணி நாற்றம்” என்று ஒரு விருந்தினர் எழுதிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மை.

அடுத்த தடயம் விறகு. ஊட்டி பங்களா ஒவ்வொன்றிலும் அறைக்கு ஒரு கணப்பு இருக்கும். இது குளிர் காய்வதற்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஊட்டிக்கு விறகுப் பஞ்சம். பக்கத்துச் சோலைகளை வெட்டித் தீர்த்தார்கள். 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரம் வந்தது. 1860-களில் அரசாங்கமே விறகுக்காகத் தைலமரத்தையும் சீகை வகைகளையும் தோப்புத் தோப்பாக வைக்க ஆரம்பித்தது. இன்றைக்கு ஊட்டி என்றதும் கண்ணில் வரும் அந்த நெட்டை மரங்களுக்குப் பின்னால் இருப்பது அடுப்பும் கணப்பும்தான். அந்த விறகில் ஒரு பங்கு மனிதர் யாருமே இல்லாத அறைகளில், சுவர் காய்வதற்காக எரிந்திருக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

அவருடைய அப்பாவும் பங்களாக் காவல்காரர்தான். ஐம்பதுகள், அறுபதுகளில் சென்னைக்காரர் ஒருவருடைய பங்களாவைப் பார்த்துக்கொண்டார். முதலாளி குடும்பம் ஏப்ரல் கடைசியில் வந்து ஜூன் முதல் வாரம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு மழை முடியும்வரை வாரத்தில் இரண்டு நாள் எல்லா அறையிலும் தீ மூட்ட வேண்டும் என்பது உத்தரவு. வீட்டில் ஒரு பியானோ இருந்ததாம், பீரோ நிறையப் புத்தகம், கம்பளம். ஈரம் பட்டால் எல்லாம் போச்சு. விறகுக்குக் கணக்கு உண்டு. இத்தனை கட்டு, இத்தனை நாள் என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த விறகில் அவுட்ஹவுஸுக்குப் பங்கு கிடையாது.

அவுட்ஹவுஸ் என்பது பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை. தகரக் கூரை, கணப்பு இல்லை. அதில் அவர், அவருடைய அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். “அப்பா பெரிய வீட்டுல தீ மூட்டுற அன்னைக்கு அம்மா எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போயி அந்த ஹாலுல உக்கார வச்சிரும்ங்க. எதையும் தொடக் கூடாது. கம்பளத்தைச் சுருட்டி வச்சிருப்பாங்க, வெறும் பலகைத் தரை. அதுலதான் வாய்ப்பாடு படிச்சேன்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. நல்ல ஞாபகமாகத்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் எப்படியோ இருந்தது. ஆள் இல்லாத வீட்டின் சுவருக்குத் தீ, ஆள் இருக்கும் வீட்டுக்குக் கோணிச்சாக்கு.

எங்கள் வீட்டின் 1931 பத்திரத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். சொத்து விவரத்தில் வருகிறது: பிரதான கட்டடம், சமையலறை, குதிரை லாயம், ‘வேலைக்காரர் இருப்பிடம் இரண்டு அறை’. எத்தனையோ தடவை படித்த பத்திரம். கட்டடமாக மட்டும் பார்த்திருக்கிறேன், அதில் யாரோ பன்னிரண்டு மாசமும் குடியிருந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. பங்களாவின் உண்மையான நிரந்தரக் குடித்தனம் அவர்கள்தான்.

1870-களிலிருந்து சென்னை அரசாங்கமே வருஷத்தில் பாதியை ஊட்டியில் கழிக்க ஆரம்பித்தது. கோப்புகள், குமாஸ்தாக்கள், கவர்னர் எல்லாம் மலையேறும். பக்கிங்ஹாம் கோமகன் கவர்னராக இருந்தபோது அங்கே ஒரு பெரிய கவர்னர் மாளிகையும் கட்டப்பட்டது. அதே வருஷங்களில்தான் கீழே தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வேலை தேடிச் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள் பலர், அதில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் நிறைய. பட்லர், மேட்டி, மாலி, குதிரைக்காரர், தண்ணீர் சுமப்பவர் எல்லாம் அவர்கள்தான். சீசன் முடிந்து துரை இறங்கிப் போகும்போது பட்லர் கூடவே போவார். தங்குவது மாலியும் காவல்காரரும். ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்து 1888-ல் எழுதிய வீட்டு நிர்வாகக் கையேடு ஒன்று இருக்கிறது, வடஇந்தியாவில் இருந்த துரைசானிகளுக்கானது. கோடைக்கு மலைக்குப் போகும்போது எந்த ஒட்டகத்தின்மேல் எந்தப் பெட்டி என்பதுவரை அதில் பட்டியல் உண்டு. சாமான் போகும் கணக்கு அவ்வளவு துல்லியம்.

கூரை கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் புல், பிறகு நாட்டு ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியதும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் சீமை ஓடு வந்தது. தகரமும் கூடவே வந்தது. பர்ட்டன் பத்து இருபது வருஷம் தள்ளி வந்திருந்தால் இவ்வளவு நனைந்திருக்கமாட்டார். ஆனால் ஓடு எதுவானாலும் இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் ஒரு பீலி இருக்கும், அதில் தைலமர இலை விழும். தைலமர இலை சீக்கிரம் மக்காது. தோல் மாதிரிக் கிடந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, அணை கட்டிவிடும். விறகுக்கு வைத்த மரம், கூரைக்கு எமன்.

2019 ஆகஸ்டில் நடந்தது இதுதான்.

அந்த வருஷம் மே மாத வசூல் குறைவு. அத்தைக்கு கண் ஆபரேஷன் வேறு. எக்செல்லில் உட்கார்ந்து செலவைக் குறைக்க வழி பார்த்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை புக்கிங் பத்து நாள்கூட வருவதில்லை. அந்த நாலு மாசமும் முழுச் சம்பளம் எதற்கு? அண்ணனிடம் போனில் பேசினேன். மாசம் 9,000 கொடுத்துக்கொண்டிருந்தோம், மழை மாசங்களில் 4,000, வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரிங்க தம்பி, உங்க இஷ்டம்” என்றார். அடுத்த வாரமே ஒரு கேரட் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். வேறென்ன செய்வார்? விறகுச் செலவையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். எனக்கு மிச்சம் நாலு மாசத்துக்கு 20,000 ரூபாய், விறகு தனி.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். செய்தியெல்லாம் அதுதான். எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை, ஆனால் பீலி நிரம்ப அதில் கால்வாசி போதும். ரோடெல்லாம் மண் சரிந்து கிடந்தது. அண்ணன் மூன்றாவது நாள் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு போன் பண்ணினார். பீலியில் இலை அடைத்து, தண்ணீர் திரும்பி, சுவருக்கும் சீலிங்குக்கும் நடுவே இறங்கி, ஊறிய பலகை மொத்தமாக விழுந்திருந்தது. பின்னறையில் சிமென்ட் பூச்சு ஒரு ஆள் உயரத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து வந்திருந்தது, அதன் பின்னால் களிமண் குழம்பு. சரி செய்ய மூன்றே கால் லட்சம் ஆனது. கடனாக வாங்கினேன். அத்தையிடம் முழுத் தொகையை இன்றுவரை சொல்லவில்லை.

“நீங்க சொன்ன மாதிரி வாரத்துக்கு ஒருக்காதான் போனேன் தம்பி. முந்தின வாரம் பாக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் அண்ணன். தப்பு தன்மேல் வந்துவிடுமோ என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. அதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது. சம்பளத்தை வெட்டியது நான், பயப்படுவது அவர்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் போய், நாலு நாள் தங்கி, அவர் பேசப் பேச எழுதிக்கொண்டேன். சீசன் இல்லாத மாசங்களில் என்னென்ன வேலை என்று. எனக்கு அது ஒரு ஆவணம். மராமத்து என்ற சொல்லை நாம் உடைந்ததைச் சரி செய்வதற்குப் பயன்படுத்துகிறோம், பொதுப்பணித் துறைக்கே ஒரு காலத்தில் மராமத்து இலாகா என்றுதான் பெயர். அண்ணன் சொன்ன வேலைகளில் உடைந்ததைச் சரி செய்வது கால்வாசிகூட இல்லை.

மழைக்கு முன்னால், மே கடைசியிலேயே, கூரைமேல் சாயும் கிளையை வெட்டுவது. பீலி வாருவது, பிறகு மழை முழுக்க மூன்று நாளுக்கு ஒருமுறை வாருவது. பின் வாய்க்காலில் மண் அள்ளுவது, தாங்குசுவர் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்துவது. மெத்தைகளைக் கட்டிலிலிருந்து எடுத்து நட்டுக்குத்தலாக நிறுத்துவது. பீரோ, அலமாரியெல்லாம் சுவரிலிருந்து ஒரு கைச்சாண் தள்ளிப்போட்டு, கதவைத் திறந்தே வைப்பது. வெயில் அரை மணி அடித்தாலும் ஜன்னல் எல்லாம் திறந்து, சாயங்காலம் மூடுபனி இறங்குவதற்குள் சாத்துவது. இதற்கு ஆள் அங்கேயே இருந்தாக வேண்டும், வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறவரால் முடியாது. வாரம் ஒரு தடவை எல்லாக் குழாயையும் திறந்து விடுவது. சிமினியில் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று முதல் தீக்கு முன்னால் பார்ப்பது, இல்லாவிட்டால் புகை முழுக்க ஹாலுக்குள் வரும்.

எனக்குப் பிடித்தது கதவு விஷயம். ஆடி மாசத்தில் மரம் ஊதிக் கதவு நிலையில் சிக்கும். சாத்த முடியாது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடத் தோன்றும். இழைக்கக் கூடாது. மாசி மாசத்தில் அதே கதவு சுருங்கி, இழைத்த இடமெல்லாம் விரல் நுழைகிற சந்தாக நிற்கும். “மழையில மரத்தை நம்பி உளி வைக்கக் கூடாதுங்க.” கார்த்திகைக்கு மேல் உறைபனி. குழாய்க்குச் சாக்குச் சுற்றுவது, பூச்செடிக்கு மிலார் போட்டு மூடுவது. தை, மாசி வறண்ட மாசங்கள், அப்போதுதான் தச்சு வேலை, ஓடு மாற்றுவது. உறைபனி விட்ட பிறகு வெள்ளையடிப்பு. பங்குனிக்குள் முடிந்துவிட வேண்டும். சித்திரையில் ஆள் ஏறி வரும்போது வீடு சும்மாவே அப்படி இருந்தது போல இருக்கும்.

2020-ல் சீசனே வரவில்லை. மார்ச்சில் ஊரடங்கு, மலைக்கு யாரும் ஏற முடியாது. வருமானம் சுத்தமாக இல்லாத அந்த வருஷத்தில் முழுச் சம்பளமும் கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அதற்குள் கணக்கு எனக்குப் புரிந்திருந்தது. 2021 பிப்ரவரியில் மிச்சமிருந்த சிமென்ட்டையும் கொத்தி எடுத்துவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிப்போனோம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த சுண்ணாம்பு. அண்ணன் பக்கத்திலேயே நின்று அவரை ஒரு வேலையும் செய்யவிடாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அறை இப்போது நாறுவதில்லை. மழை மாசங்களில் பின்சுவர் இருண்டு நிற்கும், பிப்ரவரியில் வெளுத்துவிடும். ஃபோட்டோவில் 2017 மாதிரி பளிச்சென்று இல்லை, உண்மைதான்.

2024 மே மாசத்திலிருந்து மலையேற இ-பாஸ் வந்துவிட்டது. எத்தனை வண்டி ஏறுகிறது என்று இனி நாள்வாரியாகக் கணக்கு இருக்கும். நூறு வருஷம் கழித்து என்னைப் போல ஒருத்தன் ஊட்டி பற்றி ஆராய்ந்தால் அவனுக்கு அந்தத் தரவு கிடைக்கும். காந்தலிலும் மற்ற இடங்களிலும் இருக்கிற பழைய காவல்காரர்கள், மாலிகள் இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். யார் வீட்டிலாவது பழைய விறகுக் கணக்கு நோட்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இருந்தால் எழுதுங்கள்.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, நான் ஏதோ மீட்டிங்கில் இருந்தபோது அண்ணனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பீலி வாரியதும் தீ மூட்டியதும் படம் எடுத்து அனுப்புவது இப்போது அவருடைய வழக்கம், நான் கேட்டதில்லை. கூடத்துக் கணப்பில் நல்ல தீ. ஓரத்தில், கம்பளம் சுருட்டிய பலகைத் தரையில், பேத்தியின் ஸ்கூல் ஷூ ஒரு ஜோடி காயவைத்திருந்தது. பக்கத்தில் திறந்தபடி ஒரு கணக்கு நோட்டு.